பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்: லால்பாக்கில் மரம் காட்டிக் கற்றவை

மரத்தின் பெயரைச் சொன்னதும் கூட்டம் நகர்ந்துவிடும். பெங்களூர் லால்பாக் தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு மரம் காட்டும் வேலையில் எனக்கு முதலில் பிடிபட்டது இதுதான். "இது என்ன மரம்?" என்று கேட்பார்கள். "தூங்குமூஞ்சி மரம்" என்போம். "ஓ, அப்படியா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய் "இது?" என்பார்கள். அரை மணி நேரத்தில் இருபது பெயர் கேட்டுவிட்டு, ஒரு மரத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விடுவார்கள். பெயர்தான் வேண்டுமென்றால் மரத்தில் பலகையே இருக்கிறதே, நாங்கள் எதற்கு?

அதனால் இப்போதெல்லாம் கேள்விக்குக் கேள்விதான். "சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்த இலையெல்லாம் இப்ப விரிஞ்சிருக்கா, மூடியிருக்கா பாருங்க." சாயங்காலம் வந்தவர்களாக இருந்தால், சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடியத் தொடங்குவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். மேகம் கறுத்து இருட்டினாலும் அது மடியும். இதைப் பார்த்த பிறகு பெயரைச் சொன்னால் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தப் பெயர் அவர்களுக்கு மறக்காது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்பதை அதற்கும் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நாங்கள் ஒரு சின்னக் குழு. ஆளுக்கு ஒரு வேலை உண்டு. மரம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் செய்கிறோம். இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்வது அதுதான்: சும்மா கூட்டம் கூட்டி நின்றால் காவலாளி வந்து கேட்பார், அவர் கேட்பதில் தப்பும் இல்லை. நான் வில்சன் கார்டனில் இருக்கிறேன், கிழக்கு வாசல் நடக்கும் தூரம். தாவரவியல் படித்தவள் இல்லை. படித்தவர் ஒருவர் குழுவில் இருப்பது நல்லது, சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள. ஆனால் வருகிறவர்களிடம் பேசப் படிப்பைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டியிருக்கிறது.

லால்பாக் பற்றி இரண்டு வரி. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம், திப்பு வளர்த்தது, இன்று 240 ஏக்கர். ஜான் கேமரூன் என்ற பிரிட்டிஷ் கண்காணிப்பாளர் காலத்தில்தான் 1889-இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அவருக்கு அடுத்து வந்தவர் ஜெர்மானியரான கிரும்பீகல், 1908 முதல் 1932 வரை. வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரம் தெருவில் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு நட்டவர் அவர்தான். இந்த வரலாற்றை மரம் பார்க்கும் நடையின் தொடக்கத்தில் நின்ற இடத்திலேயே சொல்லாதீர்கள். வாசலில் நின்று பத்து நிமிடம் வரலாறு சொன்னால், குழந்தைகள் உட்கார இடம் தேடுவார்கள், பெரியவர்கள் போனை எடுப்பார்கள். கேமரூனைக் கண்ணாடி மாளிகை தெரிகிற இடத்தில் சொல்லுங்கள். கிரும்பீகலை ஏதாவது ஒன்று பூத்திருக்கும் மரத்தடியில் சொல்லுங்கள்.

இந்தத் தோட்டத்தில் நான் அதிக நேரம் நிற்பது பெரிய இலவ மரத்தடியில். வெள்ளை இலவு, இலவம்பஞ்சு மரம். அதன் அடிமரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வேர்கள் தரைக்கு மேலே பலகை பலகையாக எழும்பி, ஆள் உயரச் சுவர்கள்போல் நாலா பக்கமும் ஓடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிற குடும்பங்கள் இங்கே படம் எடுக்காமல் போவதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக வேன் பிடித்து வருகிறவர்கள் நிறைய. அவர்களிடம் நான் கேட்பது: "இலவு காத்த கிளின்னு சொல்வோமே, அந்த இலவு எது தெரியுமா?" உடனே எல்லாரும் மேலே பார்ப்பார்கள். பச்சைக் காய் பழம்போலத்தான் தெரியும். காத்திருந்த கிளிக்குக் கடைசியில் கிடைப்பது பஞ்சு. மார்ச், ஏப்ரலில் வந்தவர்களுக்கு அந்தப் பஞ்சு காற்றில் பறப்பதையே காட்டலாம். மற்ற மாதங்களில் கதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அங்கே நிறுத்தாமல் இன்னொரு படி போவேன். இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் குளிர்காலத்தில்தான் இது பூக்கும். பூ இரவில் விரியும். ஏன் இரவில்? ஏன் இலை இல்லாதபோது? பதிலை நான் சொல்ல மாட்டேன். யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு சிறுமி, "ராத்திரி யார் வருவாங்க?" என்று கேட்பாள். அங்கிருந்து வௌவாலுக்கு வந்துவிடலாம். இலை மறைக்காத கிளையில் பூ இருந்தால் வௌவால் பறந்து வந்து தேன் குடிக்கத் தோதாக இருக்கும். முகத்தில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். நாலைந்து கேள்வியில் அவர்களே கண்டுபிடித்த விஷயம் இது. நானே ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், மனதில் தங்கியும் இருக்காது.

அப்புறம் வரும் கேள்விகள். ஊரைப் பொறுத்து மாறும். நகரத்துப் பிள்ளைகள் "எவ்வளவு உயரம், எத்தனை வயசு" என்பார்கள். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் "இது எதுக்கு ஆகும்?" என்பார்கள். இரண்டுமே நல்ல கேள்விகள்தான். இரண்டாவதை மட்டம் என்று நினைக்கும் தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன், "எல்லாத்துக்கும் பயன் பார்க்கணுமா?" என்று உபதேசம் தொடங்கிவிடுவார்கள். பயன் கேட்பவர் மரத்தோடு வாழ்ந்தவர். புங்க மரத்தடியில் நின்று "இது எதுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். விளக்கெரித்த புங்க எண்ணெய், வயலுக்குப் போட்ட தழை, அதன் நிழலின் குளிர்ச்சி எல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். ஒருமுறை தருமபுரிப் பக்கத்துப் பாட்டி ஒருவர், கூட்டத்துக்கே பாடம் எடுத்துவிட்டார். நான் பேசாமல் ஓரமாக நின்றேன். அன்றைக்கு நடை நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கறாராக இருப்பேன்: மருந்து. "சர்க்கரைக்கு இந்த இலை நல்லதாமே, நாலு பறிச்சிக்கட்டுமா?" இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. "அம்மா, அதுக்கு நான் ஆள் இல்லை, டாக்டரைக் கேளுங்க" என்பதுதான் என் பதில். அதே மரம்தானா என்று பார்வைக்கு உறுதி செய்வதே கஷ்டம். பூங்காவில் விஷச் செடிகளும் உண்டு. குன்றிமணியை அழகாக இருக்கிறது என்று வாயில் போடுகிற குழந்தையைத் தடுக்க வேண்டியிருக்கும். நாம் தெரிந்ததுபோல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், "லால்பாக்கில் ஒரு அக்கா சொன்னாங்க" என்று அது ஊருக்குப் போய்விடும்.

வயதுக்கு வருவோம். மரத்தின் வயது வேண்டுமென்றால் வளையம் எண்ணலாமே என்பார்கள், பள்ளியில் படித்திருப்பார்கள். குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று போவதால் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விழும். நம் பக்கத்து மரங்கள் பலவற்றில் அப்படித் தெளிவான வளையம் கிடையாது. தேக்கு போன்ற சிலவற்றில் உண்டு. அதோடு, எண்ணுவதற்கு வெட்ட வேண்டும். இதைச் சொன்னால் குழந்தைகளுக்கு ஏமாற்றம். அப்போது கையில் ஒரு டேப் கொடுத்துவிடுவேன். தரையிலிருந்து சுமார் நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுக்கச் சொல்வேன்; உலகத்தில் எங்கே மரம் அளந்தாலும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் எடுப்பார்கள். உயரத்துக்கு நிழல். உன் உயரம், உன் நிழல், மரத்தின் நிழல் மூன்றும் தெரிந்தால் நாலாவது கணக்கு. பக்கத்து மரத்தின் நிழல் விழாத தனி மரம் வேண்டும், தரையும் சமமாக இருக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்காகச் சண்டை போடுவார்கள். இவ்வளவு ஆர்வத்தோடு அவர்கள் கணக்குப் போட்டு அவர்களின் பெற்றோர் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இங்கேயே பழைய மரம் எது?" என்று கேட்டால் கொஞ்சம் குறும்பு செய்வேன். கல்லாகிப்போன ஒரு அடிமரம் லால்பாக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டில் திருவக்கரையில் கிடைத்தது, சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழையது. விழுப்புரம் பக்கத்துக்காரர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவர்தான் அன்றைய கதாநாயகன். தொட்டுப் பார்த்தால் கல், உற்றுப் பார்த்தால் மரத்தின் இழை. மண்ணுக்கடியில் புதைந்த மரத்துக்குள் தாதுக்கள் கலந்த நீர் ஊறி, மரப்பொருள் போன இடத்தில் மெல்ல மெல்லக் கல் உட்கார்ந்துவிடும். இதைவிடப் பழசு வேண்டுமா என்று கேட்டுக் கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பாறைக்குக் கூட்டிப் போகலாம். அந்தப் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. அதற்கு மேல் பழசு கேட்க யாருக்கும் தைரியம் வருவதில்லை. ஆனால் வெயில் ஏறிய பிறகு அந்தப் பாறைமேல் யாரையும் ஏற்றாதீர்கள்.

இலை பற்றி ஒரு தனி நிறுத்தம் வைத்திருக்கிறேன், வேப்ப மரத்தடியில். "ஒரு வேப்பிலை எடுங்க" என்பேன். கீழே கிடப்பதிலிருந்துதான். எல்லாரும் அந்தச் சின்ன, ரம்பப் பல் வைத்த, கோணலான ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது ஒரு இலையின் துண்டு, சிற்றிலை. ஈர்க்கோடு சேர்த்துக் கொத்தாக நாம் பிடிக்கிறோமே, அது முழுவதும்தான் ஒரு இலை. எப்படித் தெரியும்? இலைக்காம்பு கிளையோடு சேரும் மூலையில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலை ஈர்க்கோடு சேரும் இடத்தில் மொட்டு இருக்காது. மொட்டு எங்கே என்று தேடினால் போதும், எது இலை என்பது தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து வேப்பிலையைப் பார்த்தவர்கள், அம்மனுக்குக் கட்டியவர்கள், அம்மை போட்டவருக்கு வீசியவர்கள், "அட!" என்று நிற்பார்கள். இதற்குப் பிறகு குல்மோகருக்குப் போனால் அந்த இறகு மாதிரி முழு நீளமும் ஒரே இலை என்பது தானாகப் புரியும். மரம் அடையாளம் காண்பதற்கு இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. புத்தகங்களும் செயலிகளும் முதலில் கேட்பது இதைத்தான்: தனி இலையா, கூட்டிலையா, எதிரெதிரா, மாறி மாறியா.

அரச மரத்தடியில் மட்டும் நிதானம் தேவை. "ராத்திரியும் ஆக்சிஜன் விடும் ஒரே மரம்" என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார், பெரும்பாலும் வயதில் மூத்தவர், பேரப்பிள்ளைகள் எதிரில். ஆக்சிஜன் வெளிப்படுவது ஒளிச்சேர்க்கையில். அதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் அரசும் மற்ற மரங்களைப்போல மூச்சுதான் விடும். இதை அந்த இடத்தில் மறுத்துப் பேசி அவரைச் சின்னவராக்கி என்ன லாபம்? "ஐயா, அதைவிட ஆச்சரியமான ஒண்ணு இதில் இருக்கு" என்று பேச்சைத் திருப்பி, ஒரு காயைக் காட்டுவேன். அத்திக் குடும்பத்தில் பூ வெளியே தெரியாது. காய் என்று நாம் சொல்வதற்குள்ளேதான் நூற்றுக்கணக்கில் பூ. அதற்குள் நுழைய எள்ளளவும் இல்லாத ஒரு குளவி இருக்கிறது. அரசுக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேறொன்று. அந்தக் குளவி இல்லையென்றால் மரத்துக்கு விதை இல்லை, அந்த மரம் இல்லையென்றால் குளவிக்கு முட்டையிட இடமில்லை. நடை முடிந்து போகும்போது அதே பெரியவர் பக்கத்தில் வந்து, "அப்போ ஆக்சிஜன் விஷயம்?" என்று தானே கேட்டால், அப்போது சொல்லலாம். கேட்பார்கள். இன்னொரு கேள்வியும் தயாராக வரும்: "அப்ப அத்திப்பழம் சைவமா?" இதற்கு நான் இன்றுவரை சிரித்து மழுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நாகலிங்க மரத்தடியில் தமிழ்க் குடும்பங்கள் கை கூப்புவார்கள். கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருங்கள், அவசரமில்லை. அதன் பூ கிளை நுனியில் வராது. அடிமரத்திலிருந்தே தொங்கும் தண்டுகளில் பூக்கும். விழுந்த பூ ஒன்றை எடுத்து, உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வட்டமாகச் சில மகரந்தத் தாள்கள், அதன்மேல் படம் எடுத்ததுபோல் வளைந்த குடையில் இன்னும் பல. இரண்டும் இரண்டு வகை மகரந்தம். குடையில் இருப்பது தேனீக்குத் தீனி. தீனி எடுக்க உள்ளே நுழையும் தேனீயின் முதுகில், வட்டத்தில் இருக்கும் உண்மையான மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். சிவன் கோயில் மரமாக நாம் ஏற்றுக்கொண்ட இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதையும் சொல்வேன். யாருக்கும் வருத்தம் வந்ததாகத் தெரியவில்லை. பார்க்கச் சொல்லிவிட்டுச் சொன்னால் வியப்பு, எடுத்த எடுப்பில் சொன்னால் வம்பு. பீரங்கிக் குண்டு அளவில் காய் தொங்குகிற பக்கம் மட்டும் கூட்டத்தை நிறுத்தாதீர்கள்.

இடம் பார்த்து நிற்பது இந்த வேலையில் பாதி. நான் வெயிலைப் பார்த்து நிற்பேன், கேட்பவர்கள் முதுகு வெயிலுக்கும் முகம் நிழலுக்கும் இருக்க வேண்டும். கண் கூசினால் யாரும் மேலே பார்க்க மாட்டார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஏழெட்டு மரம் போதும். பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. ஒலிபெருக்கி வேண்டாம், இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுங்கள். கழிப்பறை எங்கே என்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டால் பாதியில் ஆள் காணாமல் போக மாட்டார். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார மூன்றாவது, நாலாவது மரத்தருகே பெஞ்சு இருக்கும்படி வழியை அமைக்கலாம். லால்பாக்கில் பெஞ்சு என்றால் அதில் காதலர்களும் இருப்பார்கள். எவ்வளவு அருமையான மரமாக இருந்தாலும் அவர்கள் தலைக்கு மேல் நின்று இருபது பேர் மகரந்தச் சேர்க்கை பற்றிப் பேசுவது நியாயமில்லை. அடுத்த மரத்துக்குப் போங்கள்.

உயரமான மரங்களில் மலைத்தேனீ கூடு தொங்கும். நடைக்கு முன்பு ஒரு சுற்றுப் போய் எந்த மரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த மரத்தை அன்றைக்கு விட்டுவிடுவது எங்கள் வழக்கம். கல் எறிகிற பையன் ஒருவன் எந்தக் கூட்டத்திலும் உண்டு. அவனுக்கு டேப்பைக் கொடுத்து உதவியாளனாக்கிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. மலர்க் கண்காட்சி நாட்களில், அதாவது குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டிய நாட்களில், நடையே வைப்பதில்லை. நிற்கவே இடமிருக்காது.

மொழி பற்றிக் கேட்பார்கள். பெங்களூரில் ஒரு கூட்டத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி நாலும் இருக்கும். நான் கன்னடத்தில் ஆரம்பிப்பேன், அது இந்த ஊருக்குத் தரும் மரியாதை. தமிழ்க் குடும்பம் ஒன்று பின்னால் முணுமுணுத்து மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால், தமிழிலும் ஒருமுறை. பொதுவாக இங்கே தோட்டக்காரர்களைக் கேட்காமல் விடாதீர்கள். பெங்களூரின் பழைய தோட்டங்களை உருவாக்கியதில் திகளர் சமூகத்துக்குப் பெரிய பங்கு உண்டு, கரகத் திருவிழா எடுப்பவர்கள் அவர்கள்தான். அவர்களின் வீட்டுப் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். ஒரு தோட்டக்காரர் ஒருநாள் என்னிடம், "நீங்க பேசறது சரிம்மா, ஆனா அந்த மரத்துக்கு வேர்ல தண்ணி நிக்கக் கூடாது, அதைச் சொல்லுங்க" என்றார். வேறு யார் சொல்லித் தெரியும் அது? இப்போது முடிந்தபோதெல்லாம் அவர்களில் ஒருவரை இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறோம். கூட்டத்தின் கேள்விகள் பாதி அவரிடம் போய்விடும், எனக்கும் தொண்டைக்கு ஓய்வு.

எந்த மாதத்தில் எதைக் காட்டுவது என்பது பழகப் பழக வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் இளஞ்சிவப்பு டபேபூயா, அதன் பின்னால் மஞ்சள் டபேபூயா, மார்ச்சில் நீலப் பூவோடு ஜகரண்டா, ஏப்ரல், மேயில் குல்மோகரும் இயல்வாகையும், மழை ஓய்ந்த பிறகு மரமல்லி. மரமல்லிப் பூவைக் காலையில் கீழே பொறுக்கலாம். நீண்ட குழலை அளந்து பார்த்து, இதற்குள் எட்டும் நாக்கு யாருக்கு இருக்கும் என்று கேட்டால் அந்துப்பூச்சிக்கு வந்து சேரலாம். அதன் பட்டையைக் கண்ணை மூடித் தொடச் சொல்லுங்கள், தக்கை. கன்னடத்தில் நீருகாயி என்று சொல்லும் ஆப்பிரிக்க டூலிப் மரம் பூத்திருந்தால் மொட்டைப் பிதுக்கித் தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டைப் பெரியவர்களே தொடங்கி வைப்பார்கள். பூவே இல்லாத மாதமென்றால் பட்டை, வேர், கிளை பிரியும் விதம், விழுந்த காய். உண்மையில் பூ இல்லாத நாட்களில்தான் கூட்டம் மரத்தைப் பார்க்கிறது என்பது என் எண்ணம். பூத்த மரத்தடியில் எல்லாரும் செல்ஃபி எடுப்பதில் இருப்பார்கள்.

பட்டையில் பெயர் செதுக்கியிருப்பதைக் காட்டாமல் கடப்பதில்லை. திட்டுவதால் பயனில்லை, செதுக்கியவர் அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். இலையில் தயாரான சர்க்கரை வேருக்கு இறங்கும் வழி பட்டைக்கு ஒட்டிய உள்பக்கத்தில் இருக்கிறது, மரத்தின் நடுவில் இல்லை. நடு பொந்தாகிப்போன மரம்கூட உயிரோடு நிற்கும். ஆனால் சுற்றிலும் ஒரு வளையம் பட்டை உரிந்தால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துவிடும். அந்தச் சதைப்பற்றான பகுதியைத்தான் கத்தி கிழிக்கிறது, கிழித்த வழியில் பூஞ்சை நுழைகிறது. இதைச் சொன்ன பிறகு நம் பிள்ளைகள் செதுக்கிய எழுத்துகளைத் தடவிப் பார்ப்பார்கள். வீட்டு வாசலில் மரத்துக்கு ஆணி அடித்து விளம்பரம் மாட்டியிருப்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு ஒருவர், "அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டார். அப்படித்தான்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரிடமும் ஒன்று கேட்போம்: உங்கள் தெருவில் ஒரு மரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், என்னவென்று சேர்ந்து பார்ப்போம். எப்படி எடுப்பது என்றும் சொல்லித்தர வேண்டும், இல்லையென்றால் வானத்துக்கு எதிரே கறுப்பாக ஒரு கிளை வந்து சேரும். முழு மரம் ஒன்று, பட்டை ஒன்று, இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், இலை கிளையோடு சேரும் இடம், கீழே விழுந்த பூவோ காயோ பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தோடு. எந்த ஊர், எந்த மாதம் என்று ஒரு வரி. செயலி காட்டும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம், இந்தப் படங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, துளிர், பூ, காய் என்று குறித்து வைக்க விருப்பம் இருப்பவர்களுக்கு சீசன்வாட்ச் என்ற பொதுமக்கள் திட்டம் இருக்கிறது, அதில் பதியலாம். பள்ளி ஆசிரியர்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வருகிற படங்களில் பாதி புங்கம். மீதியில் பெரும்பகுதி, நெடுநெடுவென்று மதிலோரம் நிற்கும் நெட்டிலிங்கம். "அசோக மரம்" என்று எழுதி அனுப்புவார்கள். சீதை உட்கார்ந்த அசோகம் வேறு, அது தாழ்வாகப் படர்ந்து, ஆரஞ்சுக் கொத்தாகப் பூப்பது, லால்பாக்குக்கு வந்தால் காட்டுகிறேன் என்று பதில் போடுவேன். அதற்காகவே திரும்ப வருகிறவர்கள் உண்டு, அடுத்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு.